சீர்த்தட்டில் வந்த மடிக்கணினி

அம்மா,

உன் புகுந்த வீட்டின் மாடி அறையில், உனக்காக வாங்கிப் போட்டிருக்கும் நாற்காலியில், உன் அனுமதியைக் கேட்காமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீங்கள் இருவரும் ஏற்காட்டிலிருந்து இன்று மாலைக்குள் வந்துவிடுவீர்கள் என்று சம்பந்தி சொன்னார். காலையிலிருந்து உன் எண்ணுக்கும் மாப்பிள்ளையின் எண்ணுக்கும் மாறி மாறி அழைத்துப் பார்த்துவிட்டேன். மலைச்சரிவில் எங்கோ மேகத்துக்குள் இருக்கிறீர்கள் போலும். நீங்கள் எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கண்டமங்கலத்துக் கரும்பு காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்கிறது. புதுச் சுவரின் இளஞ்சிவப்பு வண்ணம் மதிய வெளிச்சத்தில் கரைந்து அறை முழுவதும் மிதப்பதுபோல் இருக்கிறது. கட்டிலின்மேல், எனக்கு எதிரே, உன் அலுவலக மடிக்கணினி அணைந்து கிடக்கிறது. அதன் மூடியில் யாரோ இட்ட மஞ்சளும் குங்குமமும் இன்னும் உதிரவில்லை.

அது திண்டிவனத்தில் நம் வீட்டு அலமாரியில் பூட்டியிருப்பதாகத்தான் நீ நினைத்துக்கொண்டிருப்பாய். இன்று காலைவரை நானும் அப்படியே நினைத்திருந்தேன். ஆகவே முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். புத்திமதி அதன் பிறகு. நேரில் சொல்லலாம் என்றால், நீ நான் சொல்வதைக் கேட்காமல் என் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடுவாய். கீழே வீடு நிறைய ஆட்களும் இருப்பார்கள். எழுத்தில் இருந்தால் நீ இரண்டு முறை படிக்கலாம். உன்னைப்போல் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் உன் தோழிகளுக்கும் பிற்பாடு காட்டலாம். அதனால்தான் மறைக்க வேண்டிய ஒரு பெயரை இதில் எங்கும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

மயிலம் மலையில் முகூர்த்தம் முடிந்த அன்று, கீழே மண்டபத்தில் உன் பெரிய அத்தை சீர்த்தட்டுகளை வரிசையாகப் பரப்பிக்கொண்டிருந்தாளே, நினைவிருக்கிறதா? வரிசை எண்ணிக்கை இரட்டைப்படையில் நின்றுவிட்டது. சீர் ஒற்றைப்படையில்தான் போக வேண்டும் என்பதில் என் அக்காவுக்கு இருக்கும் கண்டிப்பு, ரயில்வே விதிகளில் எனக்கு இருக்கும் கண்டிப்புக்குச் சற்றும் குறைந்ததல்ல. அவசரத்துக்குப் பழம் கிடைக்கவில்லை. உன் அம்மாவின் கொத்துச்சாவியை வாங்கி, பாத்திரம் எடுக்க வீட்டுக்குப் போன வண்டியிலேயே போய், அலமாரியைத் திறந்து, கண்ணில் பட்டதை எடுத்து வந்திருக்கிறாள். இன்று காலை தொலைபேசியில் கேட்டேன். "பொண்ணு சம்பாரிக்கிற மெஷினுடா அது. குத்துவிளக்கு சீரு, இது மட்டும் சீரு இல்லியா? மல்லிப்பூ சுத்தி, பொட்டு வெச்சி, மொத தட்டுலயே வெச்சேன். ஜனம் முழுக்க அதத்தான் பாத்துது!" என்றாள், பெருமை குறையாமல். நீயும் நானும் அப்போது பந்தியில் இருந்தோம்; நம் கண்ணில்தான் படவில்லை. வெண்கலப் பானை, குத்துவிளக்கு, அரிசி மூட்டையோடு அது அன்று மாலையே வேனில் ஏறிக் கண்டமங்கலம் வந்து, கூடத்துக் கண்ணாடி அலமாரியில் வெள்ளிக் குங்குமச்சிமிழுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. நீங்களோ மண்டபத்திலிருந்து நேரே மறுவீட்டுக்குத் திண்டிவனம் வந்து, அங்கிருந்தே ஏற்காட்டுக்குப் புறப்பட்டுவிட்டீர்கள்.

இன்று காலை காப்பி குடித்துக்கொண்டே நம் இரு குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தேன். உன் கொழுந்தன் பிரபு ஒரு படம் போட்டிருந்தான். கூடத்தில் அவன் அத்தைமார்களும் சித்திகளும் நெருக்கியடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். 'அண்ணி கம்ப்யூட்டரில் கல்யாண வீடியோ' என்று கீழே எழுதியிருந்தான். அழகான படம்தான். மாப்பிள்ளையின் அம்மா எதற்கோ வாய்விட்டுச் சிரிக்கிறார். நம் வீட்டில் ஒருமுறைகூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் தோளுக்குப் பின்னால் திரை தெரிந்தது. கல்யாண வீடியோ ஒரு மூலையில் சிறிதாக ஓட, மீதித் திரை முழுவதும் நீ விடுப்பில் போகும்முன் மூடாமல் விட்ட உன் வேலைப் பட்டியல். விரலால் விரித்துப் பார்த்தேன். கடல் கடந்த ஏதோ ஓர் ஊரின் பெண் ஒருத்தியின் பெயர், வயது, அதற்கு நேராக அவளுடைய நோய். இரண்டு குடும்பத்து உறவினர் அத்தனை பேர் கையிலும் அது இருந்தது. தொலைபேசியில் சொன்னால் ஊர்ப்பேச்சாகிவிடும் என்று, நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு விழுப்புரத்துக்குப் பேருந்து ஏறினேன், அங்கிருந்து இங்கே.

பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் எனக்கு எப்போதும் அரைத்தூக்கம் வரும். இன்று தூக்கம் வரவில்லை; ஆனால் கனவு மாதிரி ஏதேதோ வந்துகொண்டே இருந்தது. நீ பிறந்த தொண்ணூற்று மூன்றில் நான் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஒரு சின்ன நிலையத்தில் உதவி நிலைய அதிபர். மீட்டர்கேஜ் காலம். சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலைதான். பனி மூட்டமான காலைகளில் உலகத்தில் மிச்சமிருப்பது குரல்கள் மட்டும்தான் என்று தோன்றும். தொலைபேசியின் கைப்பிடியைச் சுற்றினால் தூரத்து லெவல் கிராசிங்கில் கேட்மேன் பலராமன் எடுப்பார். வண்டி வருவதைச் சொல்வேன். அவர் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, தன்னிடம் உள்ள ரகசிய எண்களில் அடுத்ததைச் சொல்வார். 'பிரைவேட் நம்பர்' என்போம். ஒரு முறை சொன்ன எண்ணை அடித்துவிட வேண்டும், மறுமுறை செல்லாது. அந்த எண் என் காதில் விழாமல் நான் வண்டிக்கு வழிவிடும் கைகாட்டியை இறக்கக் கூடாது. ஒருநாள் காலை, நான் எண்ணுக்காகக் காத்திருந்தபோது, பலராமன் மூச்சு வாங்கப் பேசினார்.

"சார், உங்களுக்குப் பொண்ணு பொறந்துகீது சார்! உங்க மச்சான் திண்டிவனத்துலேர்ந்து சைக்கிள்ள வந்துகினு இருக்காரு. இப்பதான் இங்க நின்னு சொல்லிட்டுப் போறாரு."

"அம்மாவும் கொழந்தையும் நல்லா இருக்காங்களா?"

"ரெண்டு பேரும் சூப்பரா கீறாங்களாம் சார்."

"கேட் மூடியாச்சா?"

"மூடிட்டேன் சார்."

"நம்பர் சொல்லு."

"அட இன்னா சார் நீ, பொண்ணு பொறந்த நேரத்துல கூடவா நம்பரு? என் கொரலு தெரியல உனக்கு?"

"உன் கொரல் தெரியுது பலராமா. கேட் மூடிருக்குன்னு உன் கொரல் எனக்குச் சொல்லாது. நம்பர்தான் சொல்லும்."

அவர் சிரித்துக்கொண்டே எண்ணைச் சொன்னார். கைகாட்டியை இறக்கினேன். பனிக்குள்ளிருந்து வண்டி வந்து, ஜன்னல் ஜன்னலாக முகங்களைக் காட்டிவிட்டு, பனிக்குள்ளேயே போய்விட்டது. அந்த முகங்களில் ஒருவருக்கும் நான் தகப்பனாகிவிட்ட செய்தி தெரியாது. அவர்கள் உயிர் என் கையில் இருந்ததும் தெரியாது. பிற்காலத்தில் நீ செய்யத் தொடங்கிய வேலையைப் பார்த்தபோதெல்லாம் எனக்கு அந்தக் காலையின் நினைவு வரும். திண்டிவனத்து மாடியில், காதுகளை மூடிய அந்தப் பெரிய ஒலிக்கருவியோடு, வேறொரு நாட்டின் மருத்துவர்கள் முணுமுணுப்பதைக் கேட்டு நீ தட்டச்சு செய்துகொண்டிருப்பாய். உன் உதடுகள் அவர்களோடு சேர்ந்து அசையும். தண்ணீருக்கு அடியில் இருக்கும் ஒருத்தியைக் கரையிலிருந்து பார்ப்பதுபோல் நான் கதவருகே நின்று பார்த்துவிட்டு, காப்பி டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவேன். முகமறியாத மனிதர்கள், தங்கள் உடம்பின் ரகசியத்தை முகமறியாத உன்னிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

நீ கவனக்குறைவானவள் அல்ல. இதை எழுத்தில் சொல்லிவைக்க விரும்புகிறேன். போன ஆண்டு ஒருவன் உன்னை அழைத்து, உங்கள் அலுவலகத்தின் கணினிப் பிரிவிலிருந்து பேசுவதாகச் சொல்லி, உன் திரையை அவன் இடத்திலிருந்தே பார்க்க ஒரு மென்பொருளை இறக்கச் சொன்னான். உன் பெயர், உன் மேலாளர் பெயர் எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஐந்து நிமிடத்தில் வேலை நின்றுவிடும் என்று ஜல்தி ஜல்தி என்று அவசரப்படுத்தினான். நீ, "நானே ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேட்டுக்கிறேன் சார்" என்று வைத்துவிட்டு, உன்னிடம் முன்பே இருந்த எண்ணுக்கு அழைத்தாய். அங்கே அப்படி ஒருவரும் பேசவில்லை என்றார்கள். அன்று நான் உன்னைப் பாராட்டவில்லை. விதிப்படி நடந்ததற்கு ஏன் பாராட்டு என்று நினைத்தேன். இன்று பாராட்டுகிறேன். அவசரப்படுத்துகிற குரலை அப்படித்தான் நிறுத்த வேண்டும். அது எவ்வளவு தெரிந்த குரலாக இருந்தாலும், வேறு வழியில் திரும்ப அழைத்து உறுதி செய்யாமல் எதையும் திறக்கக் கூடாது.

ஆனால் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஆபத்துகள் எல்லாம் அந்நியர்களிடமிருந்து வருபவை. இம்முறை வந்தவர்கள் தாம்பூலத் தட்டோடு வந்தார்கள். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு அலுவலகத்தின் வாசல் என்பது வீட்டின் வாசலேதான். அதன் வழியாக அன்புள்ளவர்கள் எல்லாரும் கேட்காமல் உள்ளே வருவார்கள். அவர்களைத் தடுப்பது நம் பக்கத்தில் மரியாதைக் குறைவு. ஒரு நிமிடம் கொடு என்று கேட்கும் உறவுக்காரரிடம் பூட்டைக் காட்டினால், நம்மைத் திருடன் என்கிறாளா என்று முகம் சுருங்கும். ஆகவே அந்த மரியாதையைக் கெடுக்காமல் காப்பாற்றுகிற வழியை நாம்தான் முன்கூட்டியே செய்துவைக்க வேண்டும். இது ஆபீஸ் பொருள், எனக்கும் சொந்தமில்லை என்று முதல் நாளே சிரித்த முகமாகச் சொல்லிவிடு. கல்யாண வீடியோ பார்க்க, பாட்டுக் கேட்க வீட்டுக்கென்று வேறொன்று இருக்கட்டும். நான் என் பழைய கணினியைக் கொண்டுவந்து கூடத்தில் வைக்கிறேன். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் திரையைப் பூட்டிவிட்டு எழு. நாள் முடிந்ததும் பட்டியலை மூடிவிட்டு, முறையாக வெளியேறிய பின்பே மூடியைச் சாத்து.

இனி அந்தக் கடவுச்சொல்லைப் பற்றி. நான் வந்து சேர்ந்தபோது பிரபு முற்றத்தில் பைக் துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் முதலில் அதைத்தான் கேட்டேன்.

"பாஸ்வேர்டு யார் சொன்னாங்க தம்பி?"

"யாரும் சொல்லல மாமா. பேனர்ல போட்டு இருந்துச்சே."

"எந்த பேனர்ல?"

"கூட்டேரிப்பட்டுல, ரோட்டு மேல கட்டனோமே, பதினஞ்சு அடிக்கு! அண்ணன் பேரு, கல்யாணத் தேதி. சும்மா ஒரு ட்ரை அடிச்சேன் மாமா. தொறந்துக்கிச்சு. அத்தைங்க வீடியோ கேட்டாங்கன்னு பெண்டிரைவ் சொருகிக்கினு காட்டினேன். வேற எதையும் தொடல. சத்தியமா."

எனக்குச் சிரிப்பதா, தலையில் கைவைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்த சந்தோஷத்தில் நீ எந்தச் சொல்லை உன் பூட்டுக்குச் சாவியாக வைத்தாயோ, அது சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற அத்தனை பேருந்துப் பயணிகளும் படிக்கும்படி நெடுஞ்சாலைக்கு மேலே காற்றில் படபடத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதில் மாப்பிள்ளையின் மேல் உனக்குள்ள பிரியம் தெரிகிறது; நான் குறை சொல்லவில்லை. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கத் தகுந்த எதுவும் கடவுச்சொல்லுக்குத் தகாது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்துக்கொள், உன் கனவில் வந்தவைபோல. யாருக்கும் சொல்லாதே; மாப்பிள்ளைக்கும் எனக்கும்கூட. வேறு எந்தக் கணக்குக்கும் அதையே வைக்காதே. அந்தப் பெண்டிரைவ் எங்கெங்கே போய் வந்தது என்று கேட்டேன். மயிலத்தில் அவன் கல்லூரி நண்பர்கள் எல்லாரிடமும் சுற்றியதாம். அதன் வழியே என்ன உள்ளே நுழைந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. அதனால் இயந்திரத்தை அணைத்து மேலே கொண்டுவந்துவிட்டேன். உங்கள் அலுவலகத்தார் சொல்லும்வரை அதை நீயும் திறக்காதே.

பிறகுதான் கூடத்தில் பேச்சு ஆரம்பித்தது. இதை அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று நான் சொன்னதும் சம்பந்தியின் முகம் மாறிவிட்டது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அனுமதியை நிறுத்திவிட்டால் நீ சென்னைக்குப் போக வேண்டியிருக்கும், அல்லது வேலையை விட வேண்டியிருக்கும். அது எனக்கும் தெரியும். மாப்பிள்ளை தினமும் இங்கிருந்து பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போய்வருகிறார். நீ இந்த மாடியிலிருந்தே வேலை பார்ப்பாய் என்று பேசித்தான் இந்தக் கல்யாணமே நடந்தது.

"வுடுங்க சம்பந்தி," என்றார் அவர். "எங்கியோ சீமையில இருக்கறவளுக்குக் கண்டமங்கலத்துல நடந்தது எப்பிடித் தெரியப் போவுது? இதுக்குன்னுதான் மேல ரூமே எடுத்தோம். நாமளா போயி சொல்லிக்கினு, மருமவ வேலைக்குப் பேஜாரு பண்ணணுமா? ஊர்ல கேட்டா என் புள்ளையத்தான பேசுவாங்க?"

நான் விதியைச் சொன்னேன். விதி அந்தக் கூடத்தில் எடுபடவில்லை. அப்போது சம்பந்தியம்மாள் மோர் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, வெறும் ஆவலில்தான், கேட்டார்: "ஆமா, அந்தப் பொம்பளைக்கு என்னா வியாதின்னு போட்டுருக்கு?"

"அத நான் சொல்லக் கூடாது சம்பந்தி."

"இங்க இருக்கறது நாம மட்டுந்தானே?"

"இருந்தாலும் சொல்ல மாட்டேன். அவங்க டாக்டர்கிட்ட மட்டும் சொன்னது."

அவர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே, "நல்லது. சொல்லாதீங்க," என்றார். "எந்தச் சீமையா இருந்தா என்னா, பொம்பள ஒடம்பு பொம்பள ஒடம்புதான்." பிறகு பிரபுவின் பக்கம் திரும்பினார். "எட்றா அந்தப் போட்டோவ மொதல்ல. உன்ன யார்ரா அண்ணி கம்ப்யூட்டர்ல கை வெக்கச் சொன்னது?" கணவரிடம் ஒரு வார்த்தைதான்: "மருமவ போன் பண்ணட்டும்." சம்பந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரும்புக்குப் போய்விட்டார். அவர் ஒப்புக்கொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை, மறுக்கவில்லை, அவ்வளவுதான். திரும்பி வந்தால் அவரிடம் நீ முகம் கொடுத்துப் பேசு.

படத்தைக் குழுவிலிருந்து எடுத்தாயிற்று. ஆனால் பார்த்தவர்களின் கைபேசியில் அது தங்கியிருக்கும். அதற்கும் உன் மாமியார் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். இப்போது கீழே ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருக்கிறார். இங்கே நன்றாகக் கேட்கிறது. "அடியே, காலையில போட்ட போட்டோவ அழிச்சுட்டியா? … என்னாவா? ஒண்ணும் இல்லடி, அதுல நான் வாயப் பொளந்துகினு அசிங்கமா கீறேன். என் கண்ணெதிர்லயே அழி… சரி, போன்லதான் கீறே, பரவால்ல, இப்பவே அழி." உண்மைக் காரணத்தைச் சொல்லியிருந்தால் எல்லாரும் அழிக்கும்முன் ஒருமுறை விரித்துப் பார்த்திருப்பார்கள். படத்தில் அவர் உண்மையில் நன்றாகத்தான் இருந்தார்.

பிரபு சற்று முன் மேலே வந்து வாசற்படியில் நின்றான். உள்ளே வரவில்லை. "அண்ணிய கம்பெனியில திட்டுவாங்களா மாமா?" என்றான். வேலையே போகலாம் என்றேன். "நான்தான் பண்ணேன்னு நானே சொல்றேன் மாமா. இங்கிலீஷ்ல எப்பிடிச் சொல்றதுன்னு மட்டும் சொல்லிக் குடுங்க." சொல்லிக்கொடுத்தேன். இப்போது முற்றத்தில் நடந்தபடி அதை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறான். அந்த வாக்கியம் கரும்புச் சலசலப்போடு கலந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் தைரியமாக, மேலே வருகிறது. அவனைக் கடிந்துகொள்ளாதே. தவறை மறைக்கிற வீட்டில்தான் அடுத்த தவறு பத்திரமாக வளரும். சொன்னால் அடி விழாது என்று தெரிந்த வீட்டில் நாளைக்கு இன்னொன்று நடந்தாலும் உன்னிடம் உடனே வந்து சொல்வார்கள். உன் வேலைக்கு அதைவிடப் பெரிய காவல் கிடையாது.

வெயில் சாய்ந்துவிட்டது. அந்தப் பெண்ணின் ஊரில் இப்போது இன்னும் விடிந்திருக்காது. தலையணைக்குள் முகம் புதைத்து உறங்கிக்கொண்டிருப்பாள். நம் ஊர் கரும்புக் காற்று அவள் உறக்கத்தின் ஓரத்தில் வீசுவதாக நான் சற்றுமுன் கண்ணயர்ந்தபோது ஒரு தோற்றம். அவள் பெயரை மறந்துவிட முயல்கிறேன். அவளிடம் இதைச் சொல்வதா, எப்படிச் சொல்வது என்பதை உன் நிறுவனமும் அந்த மருத்துவமனையும் முடிவு செய்யட்டும். ஆனால் அவர்கள் முடிவு செய்வதற்கு முதலில் அவர்களுக்குத் தெரிய வேண்டும். நாம் சொல்லாவிட்டால், அவள் ஏமாந்ததுகூட அவளுக்குத் தெரியாமல் உறங்கிக்கொண்டிருப்பாள். அந்த உறக்கத்தின்மேல் நின்று நீ சம்பாதிப்பதை நான் விரும்பவில்லை. வேலை போனால் போகட்டும் என்று சுலபமாக எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. நீ அதற்காக எவ்வளவு படித்தாய் என்று தெரியும். போகாமலும் இருக்கலாம். எதுவானாலும், நீ சொன்னதால் போனது என்பதை என்னால் தாங்க முடியும்.

ஆகவே வந்ததும் முகம் கழுவிக்கொண்டு மேலே வா. கதவைச் சாத்திக்கொள். உன் கைபேசியிலிருந்தே மேலாளரை அழைத்து, படம், பட்டியல், பெண்டிரைவ், கடவுச்சொல் என்று நடந்ததை நடந்தபடி சொல். உனக்குச் சாதகமாக எதையும் குறைக்காதே, பயத்தில் எதையும் கூட்டாதே. அவர்கள் கேட்டால் பிரபுவைக் கூப்பிடு, அவன் தயாராக இருக்கிறான். நீ பேசி முடிக்கும்வரை நான் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். உன் மாமியார் காப்பி எடுத்துக்கொண்டு வந்தாலும் அங்கேயே நிறுத்திவிடுவேன், கோபித்துக்கொள்ள மாட்டார். ஆறிப்போனால் மறுபடி சுடவைத்துத் தருவார்.

அப்பா